மடையளவு தண்ணீர்: தேர்வுப் படபடப்பை எப்படிப் புரிந்துகொள்வது?

பிசான நெல் அறுப்பும் பொதுத்தேர்வும் எங்கள் பக்கம் ஒன்றாகத்தான் வரும். சேரன்மகாதேவியைச் சுற்றியுள்ள வயல்களில் அறுப்பு மிஷின் ராத்திரியும் ஓடிக்கொண்டிருக்கும். ரோட்டில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருப்பார்கள். மீதிப் பாதியில் பிள்ளைகள் ஹால்டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போவார்கள். போதாததற்குப் பங்குனி உத்திரம் வேறு. குடும்பமே வேன் பிடித்துக் குலசாமி சாஸ்தா கோயிலுக்குப் புறப்படும்போது, "இவனுக்கு நாளைக்குக் கணக்குப் பரிட்சை" என்று ஒருத்தனை மட்டும் ஆச்சியோடு வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்கிறேன். பிப்ரவரி பிறந்துவிட்டால் பாடத்தில் சந்தேகம் கேட்பது குறைந்துவிடும். "சார், நெஞ்சு அடிச்சிக்கிட்டே இருக்கு." "சார், படிக்க உக்காந்தா எரிச்சலா வருது, எந்திரிச்சுப் போயிருதேன்." "படிச்சது எல்லாம் மறந்துபோச்சு சார்." இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும். எங்கள் ஊரில் 'வெப்ராளம்' என்று ஒரு சொல் உண்டு. பதற்றம், ஆற்றாமை, கொஞ்சம் கோபம் எல்லாம் சேர்ந்து நெஞ்சில் முட்டுவதற்குப் பெயர் அது. மார்ச் மாதத்து மாணவனுக்கு வருவது அதுதான். அந்த நேரத்தில் "பதறாம இருலே" என்று சொல்வதைப்போல உதவாத யோசனை வேறில்லை. பதறாமல் இருப்பது அவன் கையில் இருந்தால் அவன் ஏன் நம்மிடம் வந்து சொல்கிறான்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். படபடப்பு முழுவதுமாகப் போய்விட வேண்டிய பொருள் இல்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வாய்க்காலில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தால் மடைக்குள் ஏறாது, வயல் காயும். வெள்ளமாக வந்தால் வரப்பை உடைத்துக்கொண்டு போகும், பயிர் அழுகும். மடை வாய்க்குச் சரியான அளவில் வந்தால்தான் வயல் நனையும். துளிப் பயமும் இல்லாதவன் புத்தகத்தைத் தொடமாட்டான். பயம் தலைக்கு மேல் போனவன் தொட்டும் பயனில்லை. நடுவில் ஒரு அளவு இருக்கிறது.

1908-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் இதைச் சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார்கள். வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி என்று இரண்டு. தவறான பெட்டிக்குள் போனால் எலிக்கு மின்சாரம் சுரீர் என்று அடிக்கும். (பாவம்தான், அந்தக் காலத்து ஆராய்ச்சி அப்படி.) இரண்டு பெட்டிகளையும் பிரித்தறிவது சுலபமாக இருந்தபோது, அடி பலமாக ஆக எலிகள் வேகமாகக் கற்றுக்கொண்டன. வெளிச்சத்தை மாற்றிப் பெட்டிகளைப் பிரித்தறிவதைக் கடினமாக்கியதும் கதை மாறியது. மெல்லிய அடியும் உதவவில்லை, பலமான அடியும் உதவவில்லை. நடுத்தரமான அடியில்தான் சீக்கிரம் கற்றன. எலிக்கும் பிளஸ் டூ மாணவிக்கும் தூரம் அதிகம்தான். ஆனாலும் உளவியல் பாடத்தில் இன்றுவரை நிற்கும் கருத்து இது. வேலை கடினமாக ஆக, அது தாங்கும் படபடப்பின் அளவு குறையும். வாய்பாடு ஒப்பிப்பதை எவ்வளவு பதற்றத்திலும் செய்துவிடலாம். தொகையிடல் கணக்கை அப்படிப் போட முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தேர்வு அறைக்குள் போகும்போது இது வேண்டியிருக்கும்.

உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? கடையம், பாபநாசம் பக்கம் மலையடிவார ஊர்களில் கரடி இறங்குவது உண்டு. விடியக்காலையில் தோட்டத்துக்குப் போகிறவர் எதிரே கரடியைக் கண்டால் யோசித்துக்கொண்டு நிற்கமாட்டார். மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி ஆபத்து மணியை அடிக்கும். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். இதயம் வேகமாக அடிக்கும். வயிற்றுக்குப் போகிற ரத்தம் கைகால் தசைகளுக்குத் திரும்பும்; வயிறு கலக்குவதற்கும் வாய் உலர்வதற்கும் காரணம் இதே ஏற்பாடுதான். கரடியிடமிருந்து ஓட இதெல்லாம் தேவை. சிக்கல் என்னவென்றால், கேள்வித்தாளைப் பார்த்தாலும் உடம்பு கரடிக்குச் செய்த ஏற்பாட்டையே செய்கிறது. அதற்கு வேறு ஏற்பாடு தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கணக்கைப் போடும்போது அப்போதைக்குத் தேவையான எண்களையும் சூத்திரத்தையும் மனம் ஒரு சின்ன மேஜையில் பரப்பி வைத்துக்கொள்கிறது. அந்த மேஜையில் ஒரு நேரத்தில் நாலைந்து பொருளுக்குத்தான் இடம். "இதில் மார்க் போனால் அப்பா என்ன சொல்வார்" என்பதும், "பக்கத்து பெஞ்சுக்காரன் முடித்துவிட்டான் போலிருக்கே" என்பதும் அதே மேஜையில்தான் வந்து உட்காரும். கணக்குக்கு இடமிருக்காது. புத்தி குறைந்துவிட்டதாக அப்போது தோன்றும். குறைந்தது மேஜையில் இடம் மட்டுமே.

என் கதையைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தேர்வு. உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் கருவியான வான் டி கிராஃப் மின்னியற்றி பற்றிக் கேள்வி வந்திருந்தது. புத்தகத்தில் அது இடப்பக்கம், படம் மேலே, ஓரத்தில் நான் போட்ட பென்சில் கோடு வரை கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு வரி வரவில்லை. கை வியர்த்துத் தாளெல்லாம் ஈரம். அப்படியே விட்டுவிட்டு வந்தேன். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தேன் பாருங்கள், கோளம், பட்டை, கப்பி, சீப்பு என்று அந்தக் கருவியின் பாகமெல்லாம் வரிசையாக வந்து நின்றது. அன்றைக்கு வந்த வெப்ராளம் இன்றும் ஞாபகம் இருக்கிறது.

மறந்துபோயிருந்தால் சைக்கிள் ஸ்டாண்டில் எப்படி வந்தது? நினைவு உள்ளேதான் இருந்தது, வழிதான் அடைபட்டிருந்தது. அடைபட்டதற்குப் பயம் பாதிக் காரணம். மீதிப் பாதி, நான் படித்த விதம். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது.

திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் ஓடும் பஸ்ஸில் தினமும் ஏறுகிறீர்கள். கண்டக்டர் முகம் நன்றாகத் தெரியும். சந்தையில் பார்த்தால் "நம்ம கண்டக்டர்" என்பீர்கள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு அவர் முகத்தை வரையச் சொன்னால்? மீசை உண்டா இல்லையா என்பதிலேயே தடுமாறுவீர்கள். பார்த்தால் தெரிவது வேறு, பார்க்காமல் எடுத்துக்கொடுப்பது வேறு. பாடத்தை மூன்றாவது முறை வாசிக்கும்போது "ஆமா, இது தெரியும்" என்று தோன்றுகிறதே, அது கண்டக்டரைத் தெரிவது மாதிரி. தேர்வு கேட்பதோ படம் வரைய. நான் அந்தப் பாடத்தைப் பத்துத் தடவை வாசித்திருப்பேன். ஒரு தடவைகூடப் புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்ததில்லை.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியை ஒரு கூட்டம் இரண்டு முறை வாசித்தது. இன்னொரு கூட்டம் ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்கள் கொஞ்சம் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது, வாசித்தவர்களுக்கு 42. முந்தின ராத்திரி வாசிப்பு ஏன் தைரியம் தருகிறது, அந்தத் தைரியம் ஏன் நாள் கடந்தால் கைவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஆகவே செய்ய வேண்டியது எளிது, ஆனால் கசக்கும். ஒரு பகுதியை வாசியுங்கள். மூடுங்கள். வெறும் தாளில் வந்ததை எழுதுங்கள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, வாரம் கழித்து ஒரு தடவை இதையே செய்யுங்கள். நாள் இடைவெளி எதற்கென்றால், ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து 1885-இல் எழுதிவைத்த கணக்கு அப்படி: மறதி முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு மெதுவாகிறது. மறக்கப்போகிற நேரத்தில் தோண்டி எடுத்தால் வேர் ஆழமாகப் போகும்.

முதல் நாள் வெறும் தாளுக்கு முன்னால் உட்காரும்போது எரிச்சல் வரும். மூன்று வரிக்கு மேல் ஓடாது, "எனக்கு ஒண்ணும் தெரியல" என்று தோன்றும். திண்ணையில் அழுத பிள்ளைகள் உண்டு. அழட்டும் என்று விட்டுவிடுவேன். ஏனென்றால் அந்த எரிச்சல்தான் தேர்வு அறைப் படபடப்பின் சின்ன வடிவம். வீட்டில், பாயில், ஆச்சி பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும்போது அதை நாற்பது தடவை சந்தித்துவிட்டவனுக்கு, தேர்வு அறையில் அது நாற்பத்தோராவது தடவை. நெஞ்சு அப்போதும் அடிக்கும், ஆனால் கரடி என்று நினைக்காது. முந்தின நாள் ராத்திரி திடீரென்று அமைதியை வரவழைக்கிற வித்தை எதுவும் எனக்குத் தெரியாது. மூன்று மாதம் முன்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரவழைப்பது இப்படித்தான்.

வாரம் ஒரு நாளாவது காலை 10:15-க்கு உட்கார்ந்து 1:15 வரை எழுதிப் பாருங்கள். நம் பொதுத்தேர்வின் நேரம் அதுதான். எழுந்து தண்ணீர் குடிக்கப் போகக் கூடாது. வீட்டில் சத்தம் இருந்தால் இருக்கட்டும். பங்குனி, சித்திரையில் ஏதாவது ஒரு அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா நடக்கும். வில்லுப்பாட்டு நாலு தெருவுக்குக் கேட்கும். "இதுல எப்படி சார் படிக்க" என்று குறை சொன்ன பையன் ஒருவன் கடைசியில் அதற்குள்ளேயே மாதிரித் தேர்வு எழுதிப் பழகிவிட்டான். அவனுக்குத் தேர்வு அறை ரொம்ப நிசப்தமாக இருந்ததாம், தூக்கம் வந்ததாம்.

சரி, படிக்க உட்காரவே மனம் வரவில்லை என்பவருக்கு? எங்கள் தெருவில் பீடி சுற்றும் அத்தை ஒருத்தர் இருக்கிறார். மடியில் சொளவை (முறத்தை) வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் ராத்திரி வரை கை ஓடும். "அத்தை, சலிப்பா இருக்காதா?" என்று ஒரு தடவை கேட்டேன். "இருக்கும்லா. ஆயிரம் சுத்தணும்னு நெனச்சா கையே வராது. ஒரு கட்டுக்குச் சுத்துவோம்னு உக்காருவேன், அப்புறம் அது பாட்டுக்கு ஓடும்" என்றார்.

ஊக்கம் வந்தபின் வேலை தொடங்கும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் வேலை தொடங்கி ஐந்தாறு நிமிடம் ஆனபிறகுதான் ஊக்கம் வந்து சேரும். ஆகவே உங்கள் 'ஒரு கட்டு' எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 'இன்றைக்கு வேதியியல் படிப்பேன்' என்பது ஆயிரம் பீடி. 'காபி குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும், கரிம வேதியியலில் ஒரு வினையைப் பார்க்காமல் எழுதுவேன்' என்பது ஒரு கட்டு. எப்போது, எங்கே, எது என்ற மூன்றும் அதில் இருக்கிறது; மனத்தோடு பேரம் பேச இடமில்லை. போனை அந்த நேரத்துக்கு அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். கவிழ்த்து வைத்தால் போதாது, என்னையே அது ஜெயித்துவிடுகிறது.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. உங்கள் வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். பகலில் படித்ததை மூளை நிலையான நினைவாக மாற்றுவதில் பெரும்பகுதி தூக்கத்தில் நடக்கிறது. ராத்திரி இரண்டு மணி வரை விழித்துப் படித்துவிட்டுக் காலையில் மந்தமாகத் தேர்வுக்குப் போவது, அறுத்த நெல்லைக் களத்திலேயே மழையில் விட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

தேர்வு நாள். காலையில் இட்லியோ பழையதோ, வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள். புதிதாக ஒரு பக்கமும் வாசிக்க வேண்டாம். பயம் மிஞ்சினால், கிளம்புவதற்கு முன் ஒரு பழைய தாளை எடுத்துப் பத்து நிமிடம் மனத்தில் இருக்கும் பயத்தையெல்லாம் எழுதித் தள்ளுங்கள். 2011-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், தேர்வுப் பயம் அதிகமுள்ள மாணவர்கள் இப்படி எழுதிவிட்டுப் போனபோது நன்றாகச் செய்ததாகக் கண்டார்கள். மேஜையில் கிடந்த குப்பை தாளுக்கு இறங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். என் பிள்ளைகளில் சிலருக்குப் பலித்திருக்கிறது. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், அம்மா பார்த்தால் அவர்களுக்கு வெப்ராளம் வந்துவிடும்.

பத்து மணிக்குக் கேள்வித்தாள் கைக்கு வரும். முதல் பத்து நிமிடம் வாசிப்பதற்கு, அடுத்த ஐந்து விவரங்களைச் சரிபார்ப்பதற்கு. அந்தப் பத்து நிமிடத்தில் கண் தானாகவே தெரியாத கேள்வியைத் தேடிப் போய் உட்காரும். அதை இழுத்து வந்து, நன்றாகத் தெரிந்தவற்றை எண்ணச் சொல்லுங்கள். எந்தக் கேள்விகளில் சாய்ஸ் இருக்கிறது, எது கட்டாய வினா என்று பாருங்கள். 10:15-க்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். எலிக்கதை இங்கேதான் உதவுகிறது: முதல் கால் மணியில் படபடப்பு உச்சத்தில் இருக்கும், சுலபமான வேலை அதைத் தாங்கும். நாலு விடை எழுதியபின் தண்ணீர் வடிந்து மடையளவுக்கு வந்திருக்கும். கடினமான கணக்கை அப்போது தொடலாம்.

நடுவில் எனக்கு அடைத்த மாதிரி அடைத்துக்கொண்டால், பேனாவைக் கீழே வையுங்கள். மூச்சை நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறோ எட்டோ எண்ணும் வரை பைய விடுங்கள். ஐந்தாறு தடவை போதும். இது வெறும் நம்பிக்கை இல்லை. மூச்சை வெளியே விடும்போது வேகஸ் என்ற நரம்பின் வழியாக இதயத் துடிப்பு இறங்குகிறது. இதயத்தை நேரடியாக அதட்ட முடியாது, மூச்சின் வழியாகச் சொல்லி அனுப்பலாம். அப்புறமும் வரவில்லையென்றால் இடம் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். திரும்பி வரும்போது முதல் வரியைத் தேடாதீர்கள். ஞாபகம் இருக்கிற ஏதாவது ஒன்றை, படத்தின் ஒரு கோட்டை, ஒரு சொல்லை ஓரத்தில் கிறுக்குங்கள். ஒரு நூல் கிடைத்தால் மற்றது அதைப் பிடித்துக்கொண்டு வரும். சைக்கிள் ஸ்டாண்டில் எனக்கு நடந்ததை அறைக்குள்ளேயே நடத்திக்கொள்ளலாம்.

முடிந்து வெளியே வந்ததும் கேட் வாசலில் ஒரு மாநாடு நடக்கும். "அந்த ஒரு மார்க்குக்கு நீ என்னலே போட்ட?" அதில் நிற்காதீர்கள். அந்தத் தாள் கட்டுக்குள் போய்விட்டது, அடுத்த தேர்வு இன்னும் போகவில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. "எவ்வளவு வரும்?" என்று தினமும் கேட்பதற்குப் பதிலாக, "இன்னைக்கு எதை எழுதிப் பார்த்த?" என்று கேளுங்கள். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்பார்கள். பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை முழுவதையும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்ற வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மாநில ரேங்க் பட்டியல் அறிவிப்பதையே 2017-இல் நிறுத்திவிட்டார்கள். ஒரு பாடத்தில் தவறினாலும் சில மாதங்களுக்குள் துணைத் தேர்வு எழுதலாம். என் மாணவர்களில் அப்படி எழுதி அதே வருடம் கல்லூரியில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது வழக்கமான படபடப்புக்கு. நாள் கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் அது மூச்சுப் பயிற்சியில் தீருகிற விஷயம் இல்லை. அன்றைக்கே வீட்டிலோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கு அழைத்தால் மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார், கட்டணம் இல்லை. தோழனோ தோழியோ அப்படிப் பேசினால், "சும்மா சொல்லுதான்" என்று விட்டுவிடாமல் பக்கத்திலேயே இருந்து பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வந்ததும் நான் முதலில் செய்வது ஒன்றுண்டு. புத்தகத்தைத் தொடாமல், வான் டி கிராஃப் மின்னியற்றியைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். இத்தனை வருடம் கழித்து எனக்கு அது தண்ணிபட்ட பாடு என்று ஒரு நினைப்பு. போன ஜூனில் வரைந்து முடித்து, சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு பெருமையாகத் திரும்பினேன். கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"சார், ரெண்டு சீப்பு உண்டுல்லா? ஒண்ணத்தான போட்டிருக்கீங்க."

சிவப்பு சாக்பீஸைத் தேடினேன்.